காலத்தை வாங்கிய பணம்

ஒரு காட்டின் செழிப்பை அளக்கச் சூழலியலாளர்களிடம் ஒரு கணக்கு உண்டு. ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் மேயும் பெரிய விலங்குகள் அத்தனையையும் சேர்த்து நிறுத்தால் எடை எவ்வளவு வரும் என்பதுதான் அது. தென்கிழக்கு ஆப்பிரிக்காவில், மொசாம்பிக் நாட்டின் கொரொங்கோசா தேசியப் பூங்காவில், 1970களின் தொடக்கத்தில் அந்த எடை 9,000 கிலோவைத் தாண்டியிருந்தது. யானை, நீர்யானை, எருமை ஆகிய மூன்று மட்டுமே அதில் 89 விழுக்காடு. வரிக்குதிரைகளும் வில்டபீஸ்ட் மந்தைகளும் பலவகை மறிமான்களும் மிச்சத்தைப் பகிர்ந்துகொண்டன. இருபதே ஆண்டுகளில் அந்த எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இல்லாமல் போயிற்று.

போன உயிர்கள் எப்படித் திரும்பின, அதற்கு யார் பணம் கொடுத்தார், அந்தப் பணம் எதைச் செய்தது, எதைச் செய்ய முடியவில்லை என்பவற்றை இந்த அத்தியாயத்தில் பார்ப்போம். வெப்பமண்டலக் காடுகளைக் காக்கச் செல்வர்கள் தரும் கொடை பற்றிப் பொதுவாகப் பேசுவது எளிது. ஒரே இடத்தில் நின்று கவனித்தால்தான் அதன் பலமும் பலவீனமும் தெரியும். கொரொங்கோசாவில் போருக்கு முன்பும் பின்பும் விமானத்திலிருந்து விலங்குகளை முறையாக எண்ணியிருக்கிறார்கள். 1968 முதல் 2018 வரை 15 கணக்கெடுப்புகள். அழிவும் மீட்சியும் இப்படி எண்களில் பதிவான இடங்கள் உலகிலேயே மிகக் குறைவு.

முதலில் நிலத்தைப் புரிந்துகொள்வோம். ஆப்பிரிக்கப் பெரும் பிளவுப் பள்ளத்தாக்கின் தென்கோடியில் இருக்கிறது கொரொங்கோசா. நடுவே உரேமா ஏரி. மழைக்காலத்தில் ஏரி கரை கடந்து சமவெளியெங்கும் பரவும். வெயில் காலத்தில் நீர் வடியும்போது, அது விட்டுச்சென்ற வண்டலில் பசும்புல் எழும். அந்தப் புல்தான் 9,000 கிலோவுக்கும் சோறு போட்டது. வறண்ட மாதங்களிலும் ஏரியை உயிரோடு வைத்திருக்கும் ஓடைகள், பள்ளத்தாக்குக்கு வெளியே 1,863 மீட்டர் உயர்ந்து நிற்கும் கொரொங்கோசா மலையிலிருந்து இறங்குகின்றன. 1960களின் பிற்பகுதியில் இங்கே வந்து ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த சூழலியலாளர் கென்னத் டின்லி, மலையையும் சேர்த்துக் காக்காவிட்டால் சமவெளியைக் காக்க முடியாது என்று அப்போதே சொன்னார். 1920இல் வேட்டைக் காடாகத் தொடங்கி 1960இல் தேசியப் பூங்காவான இடத்தில், மலை மட்டும் எல்லைக்கு வெளியே இருந்தது.

1975இல் மொசாம்பிக் போர்ச்சுகலிடமிருந்து விடுதலை பெற்றது. 1977இல் உள்நாட்டுப் போர் மூண்டது. ஃப்ரெலிமோ அரசுக்கும் ரெனாமோ கிளர்ச்சிப் படைக்கும் நடந்த அந்தச் சண்டையின் நடுக்களங்களில் ஒன்றாகக் கொரொங்கோசா ஆயிற்று. 1981 டிசம்பரில் பூங்காவின் தலைமை முகாமான சிட்டெங்கோ தாக்கப்பட்டது. 1983இல் பூங்காவையே மூடிவிட்டார்கள். இரு தரப்புப் படைகளும் விலங்குகளை இறைச்சிக்காகச் சுட்டன. தந்தம் ஆயுதத்துக்கு விலையானது. 1992இல் ரோம் நகரில் சமாதானம் கையெழுத்தான பிறகும் வேட்டை நிற்கவில்லை. ஊரெங்கும் துப்பாக்கியும் பசியும் மிஞ்சியிருந்தன. காவல் காக்க யாரும் இல்லை. 1972இல் 2,500க்கு மேல் இருந்த யானைகள் 2000ஆம் ஆண்டில் 250ஐக்கூடத் தொடவில்லை. மக்களில் ஏறத்தாழப் பத்து லட்சம் பேரைப் பறிகொடுத்த ஒரு போரில் விலங்குகளின் கணக்கைத் தனியாக எடுத்துப் பேசத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு இழப்பும் ஒரே நிலத்தில், ஒரே காரணத்தால் நேர்ந்தவை. பின்னால் வந்த மீட்சியும் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருந்தது.

இங்கேதான் கிரெக் கார் வருகிறார். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துக்காரர், 1959இல் பிறந்தவர். தொலைபேசி நிறுவனங்களுக்குக் குரல் அஞ்சல் வசதியை விற்ற ‘பாஸ்டன் டெக்னாலஜி’யை 1980களில் தோழருடன் சேர்ந்து தொடங்கிப் பெரும் பணம் ஈட்டியவர். நாற்பது வயதை நெருங்கும்போது தொழிலை விட்டுவிட்டு, 1999இல் தன் பெயரில் ஓர் அறக்கட்டளை அமைத்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மனித உரிமை ஆய்வு மையம் ஒன்று அவருடைய கொடையில் உருவானது. 2004இல் கொரொங்கோசாவை முதன்முறையாகப் பார்த்தார். 2008 ஜனவரியில் மொசாம்பிக் அரசும் அவருடைய அறக்கட்டளையும் பூங்காவைச் சேர்ந்து நிர்வகிக்க 20 ஆண்டு ஒப்பந்தம் செய்துகொண்டன. 4 கோடி டாலர் வரை தருவதாக அவர் உறுதி சொல்லியிருந்தார். 2018இல் ஒப்பந்தம் இன்னும் 25 ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. நிலம் அரசின் உடைமையாகவே இருக்கிறது. மேற்பார்வையில் அரசுக்கும் அறக்கட்டளைக்கும் இடம் உண்டு.

இந்த ஒப்பந்தத்தில் எல்லோரும் தொகையைத்தான் பார்க்கிறார்கள். நான் ஆண்டுகளைப் பார்க்கச் சொல்வேன். காட்டுயிர் பாதுகாப்புக்கு வரும் உதவித் தொகைகளில் மிகப்பல இரண்டு, மூன்று ஆண்டுத் திட்டங்கள். முதல் ஆண்டு ஆள் சேர்ப்பதில் போகும்; இரண்டாம் ஆண்டு வேலை சூடுபிடிக்கும்; மூன்றாம் ஆண்டு அறிக்கை எழுதுவதிலும் அடுத்த பணத்தைத் தேடுவதிலும் கழியும். யானையின் கர்ப்பம் மட்டுமே 22 மாதம். ஒரு கன்றுக்கும் அடுத்த கன்றுக்கும் நான்கைந்து ஆண்டு இடைவெளி. எவ்வளவு நல்ல சூழலிலும் ஒரு யானைக் கூட்டம் இரட்டிப்பாகப் பத்து ஆண்டுகளாவது வேண்டும். மூன்றாண்டுத் திட்டத்துக்கு அந்த வளர்ச்சி கண்ணிலேயே படாது.

பணம் எதில் செலவானது? வெளியுலகுக்குத் தெரிந்தது லாரியில் வந்து இறங்கிய விலங்குகள்தான். தென்னாப்பிரிக்காவிலிருந்து எருமைகள் வந்தன, வில்டபீஸ்ட்கள் வந்தன, நீர்யானைகளும் யானைகளும்கூட வந்தன. படம் எடுக்கத் தோதான காட்சி. ஆனால் 2019இல் மார்க் ஸ்டால்மன்ஸும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. வெளியிலிருந்து கொண்டுவந்த விலங்குகள் ஏழு வகைகளில் மொத்தம் 465. மீட்சியில் அவற்றின் பங்கு சிறியது. பல பத்தாயிரக்கணக்கில் பெருகியவை, போரில் எப்படியோ தப்பி ஆங்காங்கே ஒளிந்திருந்த சில குடும்பங்களின் வழித்தோன்றல்கள்.

அப்படியானால் பணம் உண்மையில் வாங்கியது காவலை. சம்பளம் தவறாமல் கிடைக்கும் வனக் காவலர்கள், அவர்களுக்கு வண்டி, வானொலித் தொடர்பு, பயிற்சி. கொரொங்கோசாவில் விலங்குகளைக் கொல்பவை பெரும்பாலும் துப்பாக்கிகள் அல்ல. கம்பியில் செய்த சுருக்குக் கண்ணிகளும், பழைய வண்டிகளின் பட்டை வில்லை அடித்துச் செய்த இரும்புப் பொறிகளும்தான். மானுக்கு வைத்த பொறியில் சிங்கத்தின் கால் சிக்கும். நாள்தோறும் நடந்து அவற்றைத் தேடி எடுப்பது அலுப்பான வேலை, முடிவில்லாத வேலை. சிங்கக்குட்டிக்குக் கொடுக்க முன்வரும் கொடையாளருக்குக் காவலரின் மாதச் சம்பளத்தைக் கொடுக்கத் தோன்றுவதில்லை. கொரொங்கோசாவில் அந்தச் சம்பளம் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் தடையின்றிக் கிடைத்தது. புல் இருந்தது, நீர் இருந்தது, கொல்பவர்கள் குறைந்தார்கள். மற்றதை விலங்குகள் பார்த்துக்கொண்டன.

ஆனால் திரும்பி வந்த காடு பழைய காடு அல்ல. 2018 கணக்கெடுப்பில் வாட்டர்பக் என்னும் ஒரே வகை மறிமான் 55,000க்கு மேல். நீர்நிலையை விட்டு அதிகம் அகலாத, பின்புறத்தில் வெள்ளை வளையம் கொண்ட பெரிய மறிமான் அது. போருக்கு முன் இருந்ததைவிடப் பத்து மடங்கு பெருகி, பூங்காவின் பெரிய தாவர உண்ணிகளில் நான்கில் மூன்று பங்கை அதுவே பிடித்துக்கொண்டது. ஒரு காலத்தில் எடையில் 89 விழுக்காடாக இருந்த யானையும் நீர்யானையும் எருமையும் 23 விழுக்காடாகச் சுருங்கியிருந்தன. பெரிய விலங்குகள் மெதுவாகப் பெருகுகின்றன. வாட்டர்பக் விரைவாகப் பெருகுகிறது. போட்டியாளர்களும் வேட்டையாடும் விலங்குகளும் மிகக் குறைந்துவிட்ட நிலையில் சமவெளி முழுவதும் அதன் கையில் வந்தது. பிறகு கூட்டம் மிஞ்சிப்போய், புல் போதாமல், ஒரு பகுதி மரங்கள் நிறைந்த மேட்டுநிலத்துக்கு நகர்ந்து, தரம் குறைந்த தீனியைத் தின்று வாழத் தொடங்கியது. அதன் வளர்ச்சி வேகமும் தணியத் தொடங்கியிருக்கிறது. எருமையும் மற்ற விலங்குகளும் இன்னும் பெருகிக்கொண்டே இருக்கின்றன. பழைய விகிதம் திரும்புமா, புதியதொரு விகிதத்தில் காடு நிலைகொள்ளுமா என்பதை இனிவரும் கணக்கெடுப்புகள்தான் காட்டும்.

இவ்வளவு மறிமான்கள் என்ன செய்தன? ஒரு முள்புதரைத் தின்றன. நம் வயல் வரப்புகளில் கிடக்கும் தொட்டாச்சிணுங்கியின் பேரினத்தைச் சேர்ந்த மிமோசா பிக்ரா, ஆள் உயரத்தைத் தாண்டி வளரும் முள்செடி. வெப்பமண்டல அமெரிக்காவில் தோன்றி உலகமெங்கும் ஈரநிலங்களை அடைத்துக்கொண்டது. இலங்கையில் மகாவலிக் கரைகளிலும் இது தொல்லை தருகிறது. உலகின் மிக மோசமான 100 ஊடுருவி உயிரினங்களின் பட்டியலில் இதற்கும் இடம் உண்டு. கொரொங்கோசாவில் தின்பார் இல்லாத போர்க்காலத்திலும் அதன் பின்னும் அது வெள்ளச் சமவெளியில் பரவியது. 2015க்குப் பிறகு குறையத் தொடங்கிப் போருக்கு முந்தைய அளவுக்கே இறங்கியது. யாரும் வெட்டவில்லை, மருந்து அடிக்கவில்லை. ஆய்வாளர்கள் மறிமான்களின் சாணத்தை எடுத்து அதிலிருந்த தாவர டிஎன்ஏ துணுக்குகளைப் படித்தார்கள். மிமோசா அவற்றின் தீனியில் பெரும்பங்காக இருந்தது. ஐயம் தீரச் சில இடங்களில் வேலி போட்டு விலங்குகளைத் தடுத்துப் பார்த்தார்கள். வேலிக்குள் புதர் மீண்டும் செழித்தது. 2020இல் வெளியான இந்த ஆய்வு சொல்வது, விலங்கு திரும்பினால் நிலமும் மாறும், அதுவும் பத்தாண்டுக்குள் மாறும் என்பது.

தாவர உண்ணிகள் திரும்பினாலும் அச்சம் திரும்பியிருக்கவில்லை. சிறுத்தையும் காட்டுநாயும் இல்லாத கொரொங்கோசாவில், இயல்பாகப் புதர்களுக்குள் மறைந்து வாழும் புஷ்பக் என்னும் மறிமான் திறந்த சமவெளிக்கு வந்து மேய்ந்துகொண்டிருந்தது. அங்கே நல்ல தீனி, உடலும் பெருத்தது. ஜஸ்டின் அட்கின்ஸ் என்ற இளம் ஆய்வாளரும் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் பிரிங்கிளும் மற்றவர்களும் ஒரு சோதனை செய்தார்கள். சிறுத்தையின் குரலை ஒலிபெருக்கியில் ஒலிக்கவிட்டார்கள். ஊனுண்ணிகளின் வாடையையும் பரப்பினார்கள். சிறுத்தையே இல்லாத நிலத்தில் புஷ்பக்குகள் புதரைத் தேடிப் பின்வாங்கின. 2019இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த இந்த முடிவு எனக்கு மிகப் பிடித்தமான ஒன்று. காட்டில் யார் எங்கே மேய்கிறார், எந்தச் செடி எங்கே பிழைக்கிறது என்பதில் பசிக்கு உள்ள பங்கு அச்சத்துக்கும் உண்டு. 2018 ஜூனில் 14 ஆப்பிரிக்கக் காட்டுநாய்கள் தென்னாப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டன. அவை வேகமாகப் பெருகின. பின்னர் சிறுத்தைகளும் வந்தன. முன்னே சொன்ன 465இன் பங்கு சிறியது என்ற கணக்கு தாவர உண்ணிகளுக்குப் பொருந்தும். முற்றிலும் அழிந்துபோன ஊனுண்ணிகளை வெளியிலிருந்து கொண்டுவருவதைத் தவிர வேறு வழி இல்லை.

யானைகளிடம் போர் விட்டுச்சென்ற தழும்பு வேறு வகையானது. ஆப்பிரிக்க யானைகளில் ஆண், பெண் இரண்டுக்கும் தந்தம் உண்டு. நம் ஆசிய யானைகளில் வெளியே நீளும் தந்தம் ஆணுக்கே உரியது. அதிலும் தந்தமில்லாத ஆண்களான மக்னாக்கள் நம் காடுகளில் நன்றாகவே வாழ்கின்றன. இலங்கையிலோ ஆண் யானைகளில் பத்தில் ஒன்றுக்குக்கூடத் தந்தம் இல்லை. கொரொங்கோசாவில் போருக்கு முன் பெண் யானைகளில் 18.5 விழுக்காடு தந்தமின்றி இருந்தன. போருக்குப் பின் அது 50.9 விழுக்காடு. தந்தத்துக்காகச் சுடுபவன் தந்தமில்லாத பெண்ணை விட்டுவிட்டான். பிழைத்த தாய்கள் அந்தக் குணத்தை மகள்களுக்குக் கொடுத்தன. ஷேன் கேம்ப்பெல்-ஸ்டேட்டன் தலைமையில் 2021இல் வெளியான ஆய்வின்படி, போர்க்காலத்தில் தந்தமில்லாத பெண் யானை பிழைக்கும் வாய்ப்பு, தந்தமுள்ளதைப்போல் ஐந்து மடங்கு இருந்தது.

ஆண்களில் மட்டும் ஏன் தந்தமற்றவை காணப்படவில்லை? விடை எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஒன்றில் மாற்றம் இருந்தால் தந்தம் வளராது, உயிருக்குக் கேடில்லை. ஆணுக்கு ஒரே எக்ஸ். அதில் மாற்றம் இருந்தால் கரு பிறக்கும் முன்பே அழிந்துபோகும் எனத் தெரிகிறது. அதனால்தான் தந்தமற்ற தாய்களின் கன்றுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பெண். சந்தேகத்துக்குரிய மரபணுக்களில் ஒன்று பல்லின் எனாமல் உருவாக உதவும் அமெல்எக்ஸ். தந்தம் என்பதே நீண்டு வளர்ந்த மேல் வெட்டுப்பல்தான். மனிதரிலும் எக்ஸ் குரோமோசோமின் இதே பகுதி இழக்கப்பட்டால் பெண்களுக்கு மேல் வெட்டுப்பல் குறையும், ஆண் கரு தங்காது. பதினைந்தே ஆண்டு வேட்டை ஓர் உயிரினத்தின் பரம்பரையில் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டது. எந்தக் கொடையும் அதை ஒரு தலைமுறையில் அழித்துவிட முடியாது. தந்தம் நிலத்தைத் தோண்டவும் மரப்பட்டையை உரிக்கவும் பயன்படும் கருவி என்பதால், அதை இழந்த யானைகள் காட்டை வேறு விதமாகப் பயன்படுத்தக்கூடும், ஆய்வு தொடர்கிறது. இந்த ஆய்வுகளுக்கான வசதியும் அரசும் கார் அறக்கட்டளையும் நடத்தும் அதே மீட்புத் திட்டத்தில் உருவானதுதான். எறும்பியல் மேதை எட்வர்டு வில்சன் 2011இல் முதன்முறையாக இங்கே வந்தார்; 2014இல் அவர் பெயரில் பூங்காவுக்குள்ளேயே ஆய்வுக்கூடம் திறக்கப்பட்டது. அங்கே மொசாம்பிக் மாணவர்கள் பாதுகாப்பு உயிரியலில் முதுகலைப் பட்டம் படிக்கிறார்கள். லாரியில் வந்த எருமைகளைவிட இந்த மாணவர்கள் முக்கியமானவர்கள் என்பது என் எண்ணம்.

மலைக்கு வருவோம். டின்லி சொன்னபடி, 700 மீட்டருக்கு மேலுள்ள மலைப்பகுதியை அரசு 2010இல் பூங்காவில் சேர்த்தது. சூழலியல்படி சரியான முடிவு. ஆனால் அங்கே மக்கள் இருந்தார்கள். அவர்களுக்கு மலை புனிதமானது. மழைக்காட்டை வெட்டி மக்காச்சோளம் விதைத்துத்தான் வயிறு கழுவினார்கள். ஒரு வரைபடத்தில் கோடு மாறியதும் அவர்கள் காலடி நிலம் பூங்காவாகிவிட்டது. வெளிநாட்டுப் பணத்தில் நடக்கும் பாதுகாப்பின் மீது ஆப்பிரிக்காவில் கசப்பு ஏன் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டாம். காடு காப்பது நல்ல செயல்தான். ஆனால் பசியோடிருப்பவனுக்கு மாற்று வழி சொல்லாமல் காக்கப் புகுவது அநியாயம்.

மாற்றாக வந்தது காபி. நிழலில் வளரும் பயிர் என்பதால், காபிச் செடியோடு உள்நாட்டு மரக்கன்றுகளையும் நட்டார்கள். காட்டு மரம் உயர உயர காபிக்கு நிழல் கிடைக்கும். கன்று கொடுத்து, கற்றுக்கொடுத்து, விளைந்ததை விலைக்கு வாங்கினார்கள். சேர்வராயன் மலையிலோ குடகிலோ காபித் தோட்டம் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. வேலை தொடங்கிய சில காலத்திலேயே ரெனாமோவுக்கும் அரசுக்கும் மீண்டும் சண்டை மூண்டது. ரெனாமோ தலைவர் அஃபோன்சு ட்லாக்காமா ஒளிந்திருந்தது இந்த மலைப் பகுதியில்தான். நாற்றுகள் கருகின. காபி பலன் தரவே மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். மூன்றாண்டுத் திட்டமாக இருந்தால் அத்தோடு கணக்கை முடித்திருப்பார்கள். இங்கே காத்திருந்து திரும்பவும் நட்டார்கள். 2019 ஆகஸ்ட் முதல் நாள், மொசாம்பிக் குடியரசுத் தலைவர் ஃபிலிப் நியூசியும் ரெனாமோ தலைவர் ஒசூஃபோ மோமாதேயும் சண்டை நிறுத்த உடன்படிக்கையில் கையெழுத்திட்டது பூங்காவுக்குள், 1981இல் தாக்கப்பட்ட அதே சிட்டெங்கோ முகாமில்.

அதே ஆண்டு மார்ச்சில் இடாய் புயல் பெய்ரா நகரையும் சுற்றுப்புறத்தையும் சிதைத்தபோது, பூங்காவின் காவலர்களும் வண்டிகளும் ஊர்களுக்கு உணவு கொண்டுபோயின. பூங்காவைச் சுற்றி ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் வாழ்கிறார்கள். அவர்களுக்கு மருத்துவ ஊழியர்கள், பெண்பிள்ளைகள் சிறு வயதில் மணமாகிப் போகாமல் படிப்பைத் தொடர மாலை மன்றங்கள், விவசாயத்துக்கு ஆலோசனை என்று திட்டச் செலவில் பெரும்பகுதி மனிதர்களுக்கே போகிறது. சிங்கத்துக்கு ஒதுக்கிய பணத்தில் ஏன் பள்ளிக்கூடம் என்று கேட்போர் உண்டு. பொறி வைப்பவர் யார், எதற்காக வைக்கிறார் என்று தெரிந்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

ஆனாலும் ஒரு கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. ஒரு தேசியப் பூங்காவின் எதிர்காலம் ஒரு தனி மனிதரின் மனத்தையும் பணப்பையையும் நம்பி இருக்கலாமா? கிரெக் கார் விலகாமல் நின்றார். எல்லாச் செல்வர்களும் அப்படி நிற்பதில்லை. இதற்கு வேறொரு வழியைக் கோஸ்டாரிகாவில் டேனியல் ஜான்சனும் வின்னி ஹால்வாக்ஸும் 1980களிலேயே காட்டியிருக்கிறார்கள். குவானகாஸ்டே பகுதியில் எரிந்து மேய்ச்சல் நிலமாகிப்போன வறண்ட காட்டை மீட்க அவர்கள் ஊர் ஊராகக் கொடை திரட்டினார்கள்; பண்ணைகளை வாங்கினார்கள்; ஆண்டுதோறும் புல்லில் பரவும் தீயை நிறுத்தினார்கள். விதையைக் காற்றும் விலங்குகளும் கொண்டுவந்தன. திரண்ட பணத்தில் ஒரு பகுதியைச் செலவழிக்காமல் மூலதனமாக வைத்து, அதன் வருமானத்தில் பூங்கா நடக்க வழி செய்தார்கள். கொடையாளர் மறைந்தாலும் வட்டி வரும்.

கொரொங்கோசாவில் கார் அறக்கட்டளையோடு வேறு பல அரசுகளும் அமைப்புகளும் சேர்ந்திருக்கின்றன. அதனால் சுமை பகிரப்பட்டது, ஆபத்தும் கூடியது. பணம் தந்தவற்றுள் ஒன்றான அமெரிக்க அரசின் யு.எஸ்.எய்ட் நிறுவனம் 2025இல் மூடப்பட்டது. தொலைவில் ஒரு தலைநகரில் எடுக்கப்படும் அரசியல் முடிவு, இங்கே ஒரு கிராம மருத்துவ ஊழியரின் சம்பளத்தைத் தொடும். காபி விற்ற லாபம் திட்டத்துக்குத் திரும்புகிறது. ஆனால் காபியும் சுற்றுலாவும் மட்டும் காவலர்கள் எல்லோருக்கும் சம்பளம் கொடுத்துவிடும் என்று நான் நம்பவில்லை. இப்போதைய ஒப்பந்தம் 2043 வரை செல்லும். அப்போது கிரெக் காருக்கு வயது 84. குவானகாஸ்டேயைப் போலத் தொடாத மூலதனம் ஒன்றை அதற்குள் உருவாக்கிவிட வேண்டும். அதை ஆள்பவர்களில் பெரும்பான்மையினர் மொசாம்பிக்கர்களாக இருக்க வேண்டும்; மலையின் காபி விவசாயிகளும் அவர்களுள் இடம்பெற வேண்டும். பூங்காவின் ஆய்வுக்கூடத்தில் பட்டம் பெற்று வெளிவரும் மாணவர்கள் அந்தப் பொறுப்பை ஏற்கும் வயதில் இருப்பார்கள்.